கடைசி வரியை நான் சொல்லவில்லை

காது கேட்கும் கருவிகள் விற்கும் கடையில் வேலை செய்கிறேன். வருகிறவர்களைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, மெல்லிய ஒலிகளை அனுப்பி, எது எந்தக் காதில் கேட்டது என்று பார்ப்பது என் தொழில். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு, ‘பாவம், மனைவி போன துக்கத்தில் ஏதோ கேட்டிருக்கிறது’ என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் டாக்டரும் அதைத்தான் சொன்னார். மறுநாளே அந்தக் கண்ணாடி அறையில் நான் உட்கார்ந்து என் காதுகளைச் சோதித்துக்கொண்டேன். இரண்டிலும் ஒரு குறையும் இல்லை. நடந்தது நடந்ததுதான்.

என் மனைவி பெருநகரத்து நாடக அரங்கில் வசனம் எடுத்துக் கொடுப்பவள். மேடையின் முன்விளிம்பில் தரைக்குள் பதித்த ஒரு சின்னக் கூண்டு உண்டு. பார்க்க வந்தவர்களுக்கு அதன் முதுகு மட்டும்தான் தெரியும். அதற்குள் உட்கார்ந்திருப்பாள். நடிகர் தடுமாறினால் அடுத்த வசனத்தின் முதல் இரண்டு சொற்களைக் கிசுகிசுப்பாள். அதற்கு முன் நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு ‘ட்ச்’. இதோ வருகிறது, பிடித்துக்கொள் என்று அர்த்தம்.

வார விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தாலும் வேலை விடாது. சமையலறை மேசையில் எதிரே உட்காரவைத்து என்னை வைத்துப் பழகுவாள். ‘ட்ச்’, இரண்டு சொற்கள், மீதியை நான் முடிக்க வேண்டும். கடைசியாக அவள் எடுத்துக்கொண்ட நாடகத்தில் நான்தான் ராணி. “மீசை வெச்ச மகாராணி” என்று அவள் தம்பி, என் மைத்துனன், வயிறு குலுங்கச் சிரிப்பான்.

அது பழைய துன்பியல் நாடகம். போருக்குப் போன ராஜா மழை இரவில் காயத்தோடு திரும்பி வந்து கோட்டைக் கதவைத் தட்டுகிறான். எதிரிதான் அவன் குரலில் ஏமாற்றுகிறான் என்று நினைத்து ராணி திறக்க மறுக்கிறாள். விடிந்து பார்த்தால் வாசலில் பிணம். கடைசியில் அவள் தனியாகக் கதவருகே நின்று ஒரே ஒரு வரி சொல்வாள். திரை விழும்.

அந்த வரி மட்டும் எனக்குத் தெரியாது. அந்த அரங்கில் ஒரு வழக்கம். ஒத்திகையில் கடைசி வரியைச் சொல்லவே மாட்டார்கள். வீட்டிலும் சொல்லக் கூடாது. ஆளில்லாத இடத்தில் சொன்னால், கேட்கக் கூடாதவர்கள் கேட்டுவிடுவார்களாம். நான் எவ்வளவு கெஞ்சியும் என் மனைவி மசியவில்லை.

“டிக்கெட் வாங்கிட்டு வந்து கேளுங்க மகாராணி.”

முழு ஒத்திகை நடந்த அன்று கடைசி வரிக்கு முன்னால் எல்லாரும் வழக்கம்போல நிறுத்திக்கொண்டார்கள். விளக்கு போட்டார்கள். கூண்டிலிருந்து மட்டும் ஆள் எழுந்து வரவில்லை. இதயம் எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை.

நாடகத்தை அப்படியே மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். முதல் காட்சியைச் சினிமா தியேட்டர்களில் நேரலையாகக் காட்டப்போவதாக விளம்பரம் வந்தது. அந்தக் கூண்டை நேரில் பார்க்கும் தெம்பு எனக்கில்லை. ஆனால் அந்த வரி எனக்கு வேண்டும். அவள் தருவதாகச் சொல்லி, தராமல் போனது அது ஒன்றுதான்.

மைத்துனனும் கூட வந்தான். பிற்பகல் காட்சி. வெளியே கண் கூசும் வெயில். சின்ன அரங்கு, பாதிக்கு மேல் காலி. எனக்கு வலப்பக்கம் அவன். இடப்பக்கம் யாருமில்லை. அந்த மடக்கு இருக்கை மேலே மடிந்திருந்தது. அதில் என் குடையைச் சாய்த்து வைத்தேன்.

மைத்துனன் கேபிள் டிவியில் வேலை பார்க்கிறவன். “நேரலைன்னு பேருதான் அத்தான். நமக்கு வந்து சேர கொஞ்சம் நேரமாகும். அங்க ராஜா செத்து, எழுந்து டீ குடிக்கப் போயிருப்பாரு. நாம இங்க மூக்கைச் சிந்திட்டிருப்போம்” என்றான். சிரித்தேன். வெகுநாள் கழித்து.

திரையில் அந்த அரங்கம் தெரிந்தது. ஆட்கள் இருமிக்கொண்டே இடம் தேடினார்கள். மேடை விளிம்பில் கூண்டின் முதுகு. நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

முதல் பாதி நன்றாகத்தான் போனது.

இரண்டாம் பாதியில் மழை தொடங்கியது. ராஜா கதவைத் தட்டினான். ராணி பேச வேண்டும். பேசவில்லை. அவள் கண்கள் ஒரு கணம் அலைந்தன. மறந்துவிட்டாள்.

ட்ச்.

“மழை என்...”

யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது. “மழை என் கணவன் குரலில் பேசுகிறது. நம்ப மாட்டேன்.”

அதற்குப் பிறகுதான் திரையில் ராணி அதைச் சொன்னாள்.

முன்வரிசையில் ஒரு பெண்மணி திரும்பி முறைத்தார். மைத்துனன் என் முழங்கையை இடித்தான். “அத்தான், வீட்டுல இல்ல நாம. சும்மா இருங்க.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. திரையின் ஒலி முன்னாலிருந்து வரும். சுவர் ஒலிபெருக்கிகள் தலைக்கு மேலே இருக்கின்றன. இந்த ‘ட்ச்’ அங்கிருந்தெல்லாம் வரவில்லை. இடக்காதுக்கு நேராக, ஒரு சாண் தள்ளி வந்தது.

மெதுவாகத் திரும்பினேன். என் குடை தரையில் கிடந்தது.

மடக்கு இருக்கை கீழே விரிந்திருந்தது.

அப்படிப்பட்ட இருக்கை தானாக விரியாது. யாராவது உட்கார்ந்தால்தான் விரியும். எழுந்தால் மடிந்துவிடும்.

அது மடியவில்லை...

எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். அதற்குள் ராணி மறுபடியும் தடுமாறினாள்.

ட்ச்.

“விடியட்டும். முகம்...”

“முகம் பார்த்துத் திறக்கிறேன்,” என்றேன். வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னேன். பழகிய நாக்கு. இடக்கன்னத்தில் மூச்சுக் காற்று பட்டது. ஏசிக் குளிரில் அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் வரமாட்டாளா என்று ஒரு வருடம் அழுதவன் நான். பக்கத்தில் வந்தபோது எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

கடைசிக் காட்சி.

ராணி கதவருகே நின்றாள். கை தாழ்ப்பாளில். வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

கேமரா அவள் முகத்தருகே போனது. உதடு நடுங்கியது. அவள் கண்கள் கீழே கூண்டைப் பார்த்தன.

ட்ச்.

“இனி நீ...”

எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதே.

நான் வசனம் மறந்தால் மேசையில் என்ன செய்வாளோ அதையே செய்தாள். முழு வரியையும் சொன்னாள். மெதுவாக. நான் திருப்பிச் சொல்வதற்காக.

“இனி நீ தட்ட வேண்டாம். தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன்.”

பிறகு காத்திருந்தாள்.

உள்ளங்கையை வாயில் திணித்துக் கடித்தேன்.

சொல்லவில்லை.

சொல்லவே இல்லை...

திரையில் ராணி அந்த வரியைச் சொன்னாள். திரை விழுந்தது. கைதட்டல். பக்கத்தில் இருக்கை ‘டப்’பென்று மேலே மடிந்தது.

மைத்துனனுக்கும் அது கேட்டது. அவன் எட்டிப் பார்த்தான். “அங்க யாரு அத்தான் உட்கார்ந்திருந்தது?” என்றான். நான் குனிந்து குடையை எடுத்தேன். என் கையில் பல் தடத்தைப் பார்த்துவிட்டு அவன் பிறகு கேட்கவில்லை.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனான். பூட்டைத் திறந்து உள்ளே போனேன். சமையலறைப் பின்கதவின் தாழ்ப்பாள் எடுத்திருந்தது. கிளம்பும் அவசரத்தில் மறந்திருப்பேன் என்று நினைத்து, போட்டுவிட்டுப் படுத்தேன்.

சில நாள் கழித்து அரங்கின் மேடை மேலாளர் போன் செய்தார். என் மனைவியோடு பல காலம் வேலை செய்தவர். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சுற்றி வளைத்தார்.

ராணியாக நடித்த பெண் அன்று மூன்று இடத்தில் மறந்துவிட்டாளாம். மூன்று முறையும் கூண்டிலிருந்து வசனம் வந்ததாம். காட்சி முடிந்ததும், எடுத்துக் கொடுத்த புண்ணியவான் யார் என்று கேட்டு வந்தாளாம். யாருமே இல்லை. என் மனைவி போன பிறகு அந்தக் கூண்டைப் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார்கள். விளிம்பில் இருந்த மைக்கின் பதிவைத் தனியாகப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். ஆம்பளைக் குரல். எங்களுக்குத் தெரிஞ்ச குரல் மாதிரி இருக்கு. நீங்களே கேளுங்க.”

போனில் போட்டார்.

“மழை என் கணவன் குரலில் பேசுகிறது. நம்ப மாட்டேன்.”

என் குரல். அதற்குப் பிறகு ராணியின் குரல். படம் எங்களுக்கு வந்து சேர்வதற்குள் மேடையில் அந்த இடம் முடிந்திருக்கும். நான் சொன்னது அங்கே எப்படி முந்தியது?

இரண்டாவது வரியும் என் குரல்தான்.

மூன்றாவது வராது என்று தெரியும். பல் தடம் இன்னும் கையில் இருந்தது.

“இனி நீ தட்ட வேண்டாம். தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன்.”

என் குரல். தெளிவாக. அன்பாக.

“இதுக்கப்புறம் ஒரு சத்தம் இருக்கு சார்,” என்றார். “எங்க மேடைக் கதவு மரம். இது இரும்பு மாதிரி கேக்குது. என்னன்னு புரியலை.”

கிரீச்... டக்.

எனக்குப் புரிந்தது. காதை வைத்துச் சோறு தின்கிறவன் நான். அந்தத் தாழ்ப்பாளைச் சற்றே தூக்கி இழுத்தால்தான் வரும். தூக்கும்போது ஒரு சத்தம், விடும்போது ஒரு சத்தம். என் வீட்டுச் சமையலறைப் பின்கதவு. உள்ளிருந்து மட்டும்தான் அதைத் திறக்க முடியும்.

போனை வைக்கப் போனேன். பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

கைதட்டலுக்கு அடியில், மைக்குக்கு மிக அருகில்...

ட்ச்.

அந்த நாடகத்தில் அதற்குப் பிறகு வசனமே கிடையாது.