இடம் மாறிய துண்டு

இரண்டாவது கருவும் மூன்றாம் மாதத்தில் கலைந்துபோன பிறகு, எங்கள் வீட்டில் ஒருவரையொருவர் சந்தேகப்பட ஆரம்பித்தோம். மாமியாருக்கு என் மேல் சந்தேகம். கிரகணத்தன்று நான் காய் நறுக்கியதாகப் பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார். எனக்கு என் கணவர் மேல். குடவாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வயலில் குறுவை நெல்லுக்கு அவரேதான் பூச்சிமருந்து அடிப்பார். அவர் தொட்ட சொம்பைக்கூட மறுபடி கழுவித்தான் தண்ணீர் குடித்தேன். அவரோ போர் தண்ணீரைச் சந்தேகப்பட்டு கேன் வாங்கிப் போட்டார்.

தஞ்சாவூர் டாக்டரம்மா எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்து குரோமோசோம் பார்க்கச் சொன்னார். முடிவு கேட்கப் போனபோது மாமியாரும் வந்தார். நான் எதையாவது மறைத்துவிடுவேன் என்று நினைத்திருப்பார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா," என்ற டாக்டர், கணவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ரெண்டு குரோமோசோம்ல துண்டு இடம் மாறியிருக்கு. எதுவும் குறையல, அதனால நீங்க நல்லா இருக்கீங்க. ஆனா குழந்தைக்குப் போறப்ப ஒரு துண்டு கூடவோ குறையவோ போயிடலாம். அப்ப கரு சரியா வளராது. இது பரம்பரையாவும் வரும். உங்க அம்மாவுக்கு இப்படிக் கரு ஏதும் கலைஞ்சிருக்கா?"

"எங்க குடும்பத்துல அதெல்லாம் கிடையாதுங்க," என்றார் மாமியார். "ஆள் மாத்தி ரத்தம் எடுத்திருப்பாங்க."

கணவருக்கும் அதுதான் நிம்மதியாக இருந்தது. திருச்சியில் மறுபடி பார்த்தோம். அங்கேயும் அதையே சொன்னார்கள்.

திரும்பும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. கணவர் டீ குடிக்க இறங்கினார். காரில் நாங்கள் இருவர் மட்டும்.

"இவனுக்கு முன்னாடி எனக்கும் ரெண்டு தங்கல," என்றார் மாமியார். "அவனுக்குத் தெரியாது."

"தெரிஞ்சுமா அத்தை என்னைச் சொன்னீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கோபம் அடங்கவில்லை. அவரையும் ஒரு காலத்தில் யாரோ இப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்று பிறகுதான் தோன்றியது.

அடுத்த முறை கருத்தரித்தபோது பனிக்குட நீர் எடுத்துப் பார்த்தார்கள். அப்பாவைப் போலவே துண்டு இடம் மாறியிருக்கிறது, ஆனால் எதுவும் குறையவில்லை என்றார் டாக்டர். நான் நம்பவில்லை. மகள் பிறந்து, அவளுடைய விரல்களைத் தடவிப் பார்க்கும்வரை நம்பவில்லை.

மகளைத் தொட்டிலில் போட்ட அன்று மாமியார் என் காதோரம் வந்தார்.

"இவளுக்கும் அது இருக்குன்னு வெளியில சொல்லிடாத. நாளைக்குக் கல்யாணம் பண்ணணும்."

"வெளியில சொல்ல மாட்டேன் அத்தை. அவகிட்ட சொல்லிடுவேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று காரில் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு நான் குத்திப் பேசுகிறேன் என்பதுபோல்.