இரண்டு குணமணிகள்

குமாரசிங்கம் 1991இல் யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு வந்தவர். தனியார் மருத்துவமனையொன்றில் இலிகிதராகச் சேர்ந்து, ஜாவா நிரல்மொழியைத் தாமே கற்று, கணினிப் பிரிவின் பொறுப்பாளரானார். 2007இல் ஆய்வுகூட முடிவுகளை நோயாளர் விடுதிகளுக்கு அனுப்பும் ஒருங்கிணைப்பு எஞ்சின் என்ற மென்பொருள் அங்கே வந்தது. ஆய்வுகூட இயந்திரமோ ஒரே முடிவைப் பலமுறை, ஒவ்வொரு முறையும் புது இலக்கமிட்டு அனுப்பியது. மீள வருபவற்றை நிறுத்த அவர் ஜாவாவில் ஒரு வடிகட்டி எழுதினார். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் அதே பரிசோதனை மறுபடி வந்தால் அது நிறுத்திவிடும்; ஆளை அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டு அறிந்தது. தேயிலைத் தோட்டத்து நோயாளர் பலருக்கோ அட்டையே இல்லை. அட்டையில்லாத எல்லாரும் அதற்கு ஒரே ஆள். முதலாமவரின் முடிவு போனது, மற்றவர்களுடையது நின்றது.

அதைக் கண்டுபிடித்து வேறொன்று எழுதியவள் தயானி. மடுல்சீமையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயமொன்றிலிருந்து வேலைக்கு வந்து ஏழு மாதமே ஆகியிருந்தது. அவளுடைய வடிகட்டி பெயர், தோட்டம், லய இலக்கம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தது.

"தோட்டத்தத் தெரிஞ்ச ஆள் எழுதினா இப்படித்தான் இருக்கும்" என்று மருத்துவமனைப் பணிப்பாளர் டொக்டர் புவாத் எல்லார் முன்னிலும் சொன்னார். குமாரசிங்கத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை.

திங்களன்று அவளுடைய வடிகட்டி ஓடத் தொடங்கியது. செவ்வாயன்று அவர் அதை வரி வரியாக வாசித்தார், பிழை பிடிக்கவே. ஒரே லயத்தில் மாமியும் குணமணி, மருமகளும் குணமணி என்று இரண்டு சோதனைச் செய்திகள் செய்து அனுப்பிப் பார்த்தார். மருமகளின் முடிவு நின்றுபோனது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பணிப்பாளர் முன்னால் காட்டலாமென்று வாயை மூடிக்கொண்டார்.

காட்டினார்.

"அய்யோ, எங்க லயத்துலயே ஒரே பேர்ல ரெண்டு பேரு இருக்காங்க சேர். எனக்குத் தோணலயே!" என்று சிரித்தாள் தயானி. பிறகு சிரிப்பு நின்றது. "இத எப்பக் கண்டுபுடிச்சீங்க?"

"செவ்வாய்க்கிழமையே கண்டிட்டன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சேர், இது ஓடிக்கிட்டுல்ல இருக்கு!"

நிறுத்தப்பட்ட செய்திகளின் பட்டியலைத் திறந்தாள். அதில் ஒன்று, விடுதியில் கிடந்த ஒரு பிள்ளைத்தாச்சிக்கு இரத்தம் மிகக் குறைவென்ற முடிவு; அதே லயத்தில் அதே பெயருள்ள இன்னொருத்தியின் முடிவு முந்திப் போனதால் புதன்கிழமை நின்றுபோயிருந்தது. அச்சிட்ட தாளோடு ஓடினாள்.

"பொறாமைக்கு நோயாளியா கிடைச்சாங்க உங்களுக்கு?" என்றார் புவாத்.

அரைமணி நேரத்தில் திரும்பி வந்தாள். "ரத்தம் ஏத்துறாங்க. தாய்க்கும் புள்ளைக்கும் ஒண்ணுமில்ல. நல்லவேளை, நீங்களாச்சும் பாத்தீங்க."

அவள் ஏசியிருந்தால் குமாரசிங்கம் தாங்கியிருப்பார். அந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே வாய்த்திருக்கிறதே என்றுதான் அப்போதும் அவருடைய நெஞ்சு எரிந்தது.

"வயசையும் சேக்கணும் சேர். நீங்க எழுதுறீங்களா?"

"நீரே எழுதும், பிள்ளை," என்றார்.

அவள் ஏற்கெனவே எழுதத் தொடங்கியிருந்தாள்.