வெள்ளைக்காரம்மா சொன்ன சாரி

இன்று காலை கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் சுற்றுலா வந்த ஒரு பெண் என் காலை மிதித்துவிட்டு, "சாரிங்க" என்றாள். பரவாயில்லை என்றேன். ஆனால் நினைவு எங்கள் மலைக்கிராமமான பேத்துப்பாறைக்கு, எங்கள் செவலைப் பசு செத்துக் கிடந்த மழைநாளுக்குப் போய்விட்டது.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. அம்மா தோட்ட வேலை பார்த்த பங்களாவின் வெள்ளைக்காரம்மா, சேதி கேட்டு மழையில் நடந்தே வந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரி, சாரி" என்றார்.

அவர் போனதும் அம்மா, "என்னடி சொல்லிட்டுப் போறாங்க?" என்று கேட்டாள்.

"மன்னிச்சுக்கங்கன்னு சொல்றாங்கம்மா." பள்ளியில் நான் கற்ற சாரி அது ஒன்றுதான்.

அம்மாவின் முகம் மாறியது. "மன்னிப்புக் கேக்குறாங்கன்னா, மாட்டுக்கு என்னமோ குடுத்திருக்காங்க." மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை.

பயந்துபோய் இங்கிலீஷ் டீச்சரிடம் சொன்னேன். அவர் தடித்த அகராதி ஒன்றைப் புரட்டினார். "புண்ணு, வலிங்கிற பழைய வார்த்தையில இருந்து வந்ததும்மா சாரி. தப்பு செஞ்சவங்க மட்டும் சொல்றதில்ல. உங்க கஷ்டம் எனக்கும் வலிக்குதுன்னு சொல்லியிருக்காங்க."

வீட்டுக்கு ஓடிவந்து அதை அப்படியே சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "நான் பாவி, என்னென்னமோ நெனச்சுட்டேனே" என்றாள்.

மறுநாள் வெள்ளனே என்னையும் கூட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போனாள். கதவைத் திறந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரிம்மா" என்றாள். அது மன்னிப்பா, வலியா என்று வெள்ளைக்காரம்மா கேட்கவில்லை. எங்களை உள்ளே உட்காரவைத்து, அவரே டீ போட்டுக் கொடுத்தார்.