மண் அள்ள வெற்றிலை பாக்கு

என் மாமியாருக்கும் எதிர்வீட்டுக்காரிக்கும் பேச்சு கிடையாது. நான் ஆலங்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்பே மூண்ட பகை அது. நாத்தனார் கல்யாணத்துக்கு அவளை நேரில் போய் அழைக்காமல் யாரிடமோ சொல்லியனுப்பிவிட்டாராம் அத்தை. அவ்வளவுதான் காரணம்.

பேச்சுதான் இல்லையே தவிர, சொல்ல வேண்டிய எதையும் இருவரும் சொல்லாமல் விட்டதில்லை. "கண்ணு தெரியலையா ஒனக்கு, அடுத்தவ கொல்லையில மேயுறே?" என்று எங்கள் பசுவைப் பார்த்து அத்தை கத்துவார். பசு பாட்டுக்குக் கட்டுத்தறியில் அசைபோட்டுக்கொண்டிருக்கும். பதில் எதிர்வீட்டுக் கோழிக்குப் போகும். சிரிப்பை அடக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. ஊரே குடித்த ஊருணி வறண்டு வெடித்துவிட்டது. அதற்கு முந்தைய கோடையில் பக்கத்து ஊர்க் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வரும்போது வரப்பில் விழுந்துதான் என் முதல் கரு கலைந்தது. மறுபடி நான் முழுகாமல் இருந்தேன். அத்தை என்னைக் குடத்தைத் தொடவிடவில்லை. வீங்கிய முழங்காலோடு தானே போய்ச் சுமந்து வந்தார்.

மழை பெய்தாலும் விடிவு இல்லை. ஊருணி மேடிட்டுக் கிடந்தது. அதற்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் எதிர்வீட்டுக்காரியின் கடலைக் கொல்லையில் வரப்புப் போட்டு அடைபட்டிருந்தது. தெருவில் பாதி அத்தை பக்கம், பாதி அவள் பக்கம். ஆண்கள் பிள்ளையார் கோயிலில் உட்கார்ந்து பேசிப் பார்த்தார்கள். பேச்சு முற்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

ஒரு நாள் காலையில் அத்தை தலைக்குக் குளித்து, கல்யாணத்துக்குக் கட்டும் சுங்குடிச் சேலையைக் கட்டினார். தட்டில் வெற்றிலை, பாக்கு, குங்குமம் எடுத்து வைத்தார். யார் வீட்டு விசேஷம் என்று கேட்டேன். தட்டை ஏந்திக்கொண்டு தெருவைக் கடந்து எதிர்வீட்டு வாசலில் போய் நின்றார்.

அவள் வெளியே வந்து பார்த்தாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்?"

"வழி அப்பவே தெரியும். கால்தான் வரல, என் தப்புதான்" என்றார் அத்தை. "நாளைக்கு ஊருணியில மண்ணு அள்ளுறோம். நீ இல்லாம நடக்காது. நேர்லயே அழைக்க வந்திருக்கேன்."

எங்கள் பக்கம் வெற்றிலையை எடுத்துவிட்டால் வந்தே தீர வேண்டும். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு வெற்றிலையை எடுத்தாள்.

அதே தட்டோடு அத்தை வீடு வீடாகப் போனார். மாதா கோயில் தெருவில் மட்டும் குங்குமத்தை எடுத்துவிட்டு வெற்றிலையை நீட்டினார். வாசல் வந்து அழைத்தவர் பேச்சை யாரால் தட்ட முடியும்? மறுநாள் ஊரே மண்வெட்டியும் கூடையுமாக நின்றது. கொல்லை வரப்பை எதிர்வீட்டுக்காரி தன் கையாலேயே வெட்டித் திறந்தாள். ஆண்களால் ஆகாததை ஒரு தட்டு வெற்றிலையால் முடித்த என் மாமியாரை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமை தாங்காது.

ஐப்பசியில் ஊருணி தளும்பியது. தை மாதம் எனக்குப் பெண் பிறந்தாள், நல்லபடியாக.

அவள் காதுகுத்துக்கு அழைக்கக் குங்குமச் சிமிழோடு முதலில் எதிர்வீட்டுக்குத்தான் போனேன். எதிர்வீட்டுக்காரிக்குக் கோபம் வந்துவிட்டது. "சொந்த வீட்டு ஆளை யாராச்சும் அழைப்பாங்களா? போ ஆத்தா" என்று விரட்டினாள்.

கண் கலங்க வந்து அத்தையிடம் சொன்னேன். அத்தைக்கும் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அவ அப்படித்தான் சொல்லுவா. நீ இன்னொருக்கா போயி அழைச்சிட்டு வா."