மகள் தலைமேல் வைத்த வேண்டுதல்

போர்ச்சுகல் என்ற தேசத்தின் கடலோரத்தில் நான்கு நாள் முதுகில் பை மாட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன் என்று சொன்னால், திருப்பதியை அடுத்த வடமாலபேட்டை பக்கம் எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வரவே ஷேர் ஆட்டோ கேட்கிற கிழவி என்கிறார்கள். அதுவும் உண்மைதான். ஆட்டோவில் வருவதற்குக் காரணம் கால் வலி இல்லை, ஊர்க் கதை. நடந்து வந்தால் ஒரு கதையும் காதில் விழாது.

நான் நடந்ததற்குக் காரணம் என் மகள். மகன் இங்கே என்னோடு இருக்கிறான், அவன் பிள்ளைகள் என்னை ஆயா என்று கூப்பிட்டு உயிரை வாங்குகின்றன. மகள் மட்டும் கம்ப்யூட்டர் வேலைக்கென்று அந்தத் தேசத்துக்குப் போனவள். நாற்பதைத் தாண்டிவிட்டாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி நான் கேட்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. நான் நிறுத்திய ஒரே கேள்வி அதுதான் என்று அவள் சொல்லுவாள்.

அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. முதலில் தன் அண்ணனிடம் சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் மறைத்தார்கள். ஆபரேஷன் முடிந்து, மருந்து ஏற்ற ஆரம்பித்து இரண்டு மாதம் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த நிமிஷம் சாமி அறைக்குப் போய் நின்றேன். எனக்கு மந்திரம் தெரியாது, ஸ்லோகம் தெரியாது. இரண்டாம் கிளாஸோடு மாடு மேய்க்கப் போனவள். நேராகப் பேசத்தான் தெரியும்.

"இந்தா பெருமாளே, என் பொண்ணு பொழைக்கணும். பொழைச்சா அலிபிரிலேர்ந்து படியேத்தி நடத்தியே இட்டுக்கினு வந்து, அவ தலமுடிய உனுக்குத் தர்றேன்" என்றேன்.

எங்கள் பக்கம் காய்ச்சல் வந்தால்கூட கொண்டையைப் பார்த்து முடி வேண்டிக்கொள்வோம். கொண்டை என்றால் எங்களுக்குத் திருமலை, அலிபிரி அதன் அடிவாரம், அவ்வளவுதான். முடியை நேர்ந்துகொள்வதில் யாரும் யாரையும் கேட்பதில்லை. என் மொட்டையை என் அம்மா நேர்ந்தாள், என் பிள்ளைகள் மொட்டையை நான் நேர்ந்தேன். என் மகளின் முடி வேறு, சும்மா முடியா அது? இடுப்பைத் தாண்டும். பதினெட்டு வருஷம் நல்லெண்ணெய் வைத்து நான் வளர்த்த முடி. பெருமாளுக்குக் கொடுக்க என்னிடம் அதைவிட ஒசத்தியாக ஒன்றும் இல்லை.

வீடியோவில் பேசும்போதெல்லாம் மகள் தலையில் நீலக் கம்பளிக் குல்லா இருக்கும். "இன்னாடி, எப்பப் பாத்தாலும் குல்லா?" என்று கேட்டால், "குளிரும்மா" என்பாள். நானும் நம்பினேன். சித்தூர் சந்தையில் கத்தரிக்காயை அழுத்திப் பார்த்தே அழுகலைக் கண்டுபிடிக்கிற எனக்கு, பெற்ற பெண்ணின் பொய் தெரியவில்லை.

மறு வருஷம் ஊருக்கு வந்தாள். விமான நிலையத்தில் குல்லாவைக் கழற்றினாள். தலையில் ஓர் அங்குலம் முடி, கோழிக்குஞ்சு மாதிரி. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் வேண்டிக்கொண்ட அன்றைக்கு அவள் தலையில் ஒரு முடிகூட இல்லை. இல்லாத சரக்கைப் பெருமாளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த முடி வளர்ந்து தோள் வரைக்கும் வந்த பிறகு மெதுவாகப் பேச்செடுத்தேன்.

"ஒருவாட்டி போயிடுச்சு. இன்னொருவாட்டி தர மாட்டேம்மா" என்றாள் போனில்.

"நான் வாக்கு குடுத்துட்டேன்டி."

"என் தலைக்கு நீ யாரும்மா வாக்கு குடுக்க?"

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். ஆனால் பயம் இருந்தது. வேண்டுதல் தீர்க்காமல் விட்டால் வட்டியோடு வாங்குவான் ஏழுமலையான் என்று கேட்டு வளர்ந்தவள் நான். போனில் அவள் ஒரு தும்மல் தும்மினால் அன்றைக்கே இன்னும் இரண்டு தடவை கூப்பிடுவேன். ஜூன் மாதம் வருஷாந்திரப் பரிசோதனை என்று வேறு சொல்லியிருந்தாள். அதற்கு முன்னால் அவளை எப்படியாவது கொண்டைக்கு ஏற்றிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அவளே கூப்பிட்டாள். கடலோரமாக நடக்கப் போகிறாளாம், நீயும் வா என்றாள். நான் விடுவேனா?

"நான் உன் சமுத்திரத்துக்கு வர்றேன். நீ என் கொண்டைக்கு வரணும்."

"நடக்கறதுக்கு வர்றேன். முடியப் பத்திப் பேசாத."

"மொதல்ல நட. முடி அப்பால."

"எம்மா, நீ மாட்டுச் சந்தையில தரகுக்குப் போயிருக்கலாம்."

போனேன். முதுகுப்பை வாங்க வேண்டும் என்றான் மகன். எதற்கு? பேத்தியின் பழைய ஸ்கூல் பை இருந்தது, கிரீடம் வைத்த ராஜகுமாரி படம் போட்டது. இரண்டு புடவை, இரண்டு கால்சட்டை, தைலம், ஊறுகாய், மஞ்சள், ஒரு பொட்டலம் குங்குமம். அதில் எல்லாம் அடங்கிவிட்டது.

முதல் நாள் காலை ஒரு சின்ன மீனவர் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். ஒரு பக்கம் செங்குத்தான பாறை, கீழே கடல் உறுமிக்கொண்டு கிடந்தது. பாறை விளிம்பிலேயே ஒற்றையடிப் பாதை. வழி தெரிய அங்கங்கே மரக்கட்டை நட்டு, பச்சையும் நீலமுமாகக் கோடு போட்டிருந்தார்கள். நான் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன்.

"இன்னாம்மா பண்ற?"

"பாத்தா தெரியலியா? நடக்கப் போறோம் இல்ல?"

"இது கொண்டப் பாத இல்ல. முள்ளு கீது, கல்லு கீது."

"அலிபிரியில மட்டும் இன்னா மல்லிப்பூவா கீது?"

நூறு அடி போவதற்குள் உள்ளங்காலில் முள் ஏறியது. மறுபடி ஷூவைப் போட்டுக்கொண்டேன். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு முன்னால் போனாள், சிரிப்பில் தோள் குலுங்கியது பின்னாலிருந்தே தெரிந்தது.

பாதையில் வெள்ளைக்காரர்கள் நிறையப் பேர் எதிரே வந்தார்கள், எங்களைத் தாண்டியும் போனார்கள். என்னைவிடக் கிழங்கள்கூட முதுகில் மூட்டையோடு.

"இவங்கள்லாம் எந்த சாமிக்கு வேண்டிக்கினு போறாங்க?" என்று கேட்டேன்.

"சாமிக்கு இல்லம்மா. சும்மா."

"சும்மாவா? முடிவுல இன்னா கீது?"

"லைட் ஹவுஸ்."

"அதுக்குள்ள?"

"லைட்டு."

அலிபிரியில் பெண்கள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுவோம். குனிந்து நிமிர்ந்து இடுப்பு ஒடிந்தாலும் ஒரு படியை விட மாட்டோம். இங்கே படி இல்லை. அதனால் அவள் முன்னால் போகும்போது அந்த வழிகாட்டும் கட்டைகளுக்கு ஒவ்வொரு பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். சும்மா நடப்பவர்கள் சும்மா நடக்கட்டும், எனக்கு மனசு கேட்கவில்லை. பதினோரு கட்டை ஆனது. பின்னால் வந்த புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் ஒரு கட்டை முன்னால் நின்று, வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சண்டை போட ஆரம்பித்தார்கள். மகள் திரும்பி ஓடிவந்தாள். இந்த ஊரில் சிவப்புக் குறி வைத்தால் அது வேறொரு பாதையாம்.

அவர்களிடம் அவள் என்னவோ சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து தன் நெற்றியைக் காட்டினாள். வைத்துவிட்டேன். பன்னிரண்டு.

அப்புறம் பதினோரு கட்டையையும் திரும்பிப் போய்த் துடைத்தோம். துடைக்கும்போது மகள் கேட்டாள்: "ஒவ்வொண்ணுக்கும் இன்னா வேண்டிக்கின?"

"உன்னத்தான். வேற இன்னா கீது எனக்கு?"

அவள் துடைப்பதை ஒரு நிமிஷம் நிறுத்தினாள். பிறகு துடைத்தாள்.

இரண்டாம் நாள் முழுக்க மணல். ஓர் அடி வைத்தால் அரை அடி பின்னால் இழுக்கும். கடலுக்கு நடுவே தனியாக நிற்கிற பாறையின் உச்சியில், அலை அடிக்கிற இடத்தில், நாரை கூடு கட்டிக் குஞ்சு வைத்திருந்தது. இவ்வளவு நிலம் கிடக்கிறபோது இங்கே வந்து கட்டுவானேன் என்று கேட்டேன். யாரும் கை வைக்க முடியாத இடம் என்பதால்தான் என்றாள் மகள். சாயங்காலம் ஒரு சாப்பாட்டுக் கடையில் பூண்டும் கொத்தமல்லியும் இடித்துப் போட்டு, ரொட்டியை ஊறவைத்து, மேலே முட்டை உடைத்து ஊற்றிய சூப் தந்தார்கள். கொத்தமல்லி வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சனிக்கெழம, முட்ட துன்ன மாட்டேன்" என்று அதை மட்டும் மகள் தட்டில் தள்ளினேன். "இன்னிக்கு வெள்ளிம்மா" என்றாள். அவள் தட்டிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் தங்கிய இடத்தில் அடுக்குக் கட்டில். எனக்குக் கீழ்த் தட்டு. மகள் குளிக்கப் போயிருந்தாள். முந்தின நாள் அவள் காலுக்கு வாங்கிய என் தைலத்தைத் தன் பையிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள், எடுக்கக் கையை விட்டேன். அடியில் துணிச்சுருள் ஒன்று தட்டுப்பட்டது. வெளியே எடுத்ததும் துணி அடையாளம் தெரிந்தது, என் பழைய சுங்குடிப் புடவைக் கிழிசல். பிரித்தேன்.

உள்ளே பின்னல். இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட் போட்ட, ஒரு முழத்துக்கும் மேல் நீளமான கறுத்த பின்னல்.

எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் எது யார் மாடு என்று சொல்லுவேன், இது நான் வளர்த்த முடி. நுனியில் செம்பட்டை அடித்த இடம்கூட அப்படியே இருந்தது. உதிர்வதற்கு முன்னாலேயே வெட்டி வைத்திருக்கிறாள். முதலில் அழுகை வந்தது, உடனே சந்தோஷம் வந்தது. இல்லாத சரக்கு இல்லை, இருக்கிறது. பெருமாள் தானே எடுத்து என் கையில் கொடுத்திருக்கிறார். அவள் இப்போதிருக்கும் முடியை இழக்க வேண்டாம், என் வாக்கும் நிற்கும்.

கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லை என்பாள் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. துணியை முன்பு போலச் சுருட்டி, என் பையில், ராஜகுமாரி படத்துக்குப் பின்னால், குங்குமப் பொட்டலத்துக்கு அடியில் வைத்தேன். அவள் குளித்துவிட்டு வந்ததும், "தைலம் கெடச்சுதா?" என்று கேட்டாள். "கெடச்சுது" என்றேன்.

நான்காம் நாள் அந்தப் பை கனத்தது. பின்னல் என்ன எடை இருக்கும்? ஒரு கைப்பிடி கீரை. ஆனால் முதுகு சொன்னது, நீ திருடி என்று.

மத்தியானம் லைட் ஹவுஸ் வந்தது. தரை அங்கே முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் தண்ணீர் தவிர ஒன்றும் இல்லை. காற்று ஆளைத் தள்ளியது. கூட்டத்தை விட்டு ஒதுங்கி ஒரு பாறையில் உட்கார்ந்தோம். மகள் பையைத் திறந்து கையை விட்டாள். அடிவரைக்கும் துழாவினாள். பிறகு துணிமணி, தண்ணீர் பாட்டில், சாக்ஸ் என்று ஒவ்வொன்றாக வெளியே வைத்தாள். பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள்.

"இன்னா தேடற?" என்றேன், வெட்கம் இல்லாமல்.

"ஒண்ணுமில்லம்மா." குரல் உள்ளே போய்விட்டது. "எங்கியோ வுட்டுட்டேன் போல."

என்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் சண்டை போட்டுச் சமாளித்திருப்பேன். கலைந்து கிடந்த துணிகளுக்கு நடுவில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை மொட்டையாக இருந்தபோது தனியாக இந்தத் தேசத்தில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

துணிச்சுருளை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

அவள் அதைப் பிரிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கொண்டைக்கா?" என்றாள்.

"ஆமா."

"மருந்து போட்டா கொட்டிடும்னு சொன்னாங்க. அது எடுத்துக்கறதுக்கு முன்னாடி நானே வெட்டினேன். யார்க்கும் தராம வெச்சிருந்தேன். ஒடம்பு தேறினா இங்க வந்து வுடணும்னு அன்னிக்கே நெனச்சேன். என்னோட ஒடம்புல நடந்ததுல, நானா முடிவு பண்ணது இது ஒண்ணுதாம்மா."

"எனக்கு பயமா கீதுடி" என்றேன். அதுவரைக்கும் அந்த வார்த்தையை நான் அவளிடம் சொன்னதில்லை.

"எனக்கும்தான்."

பழக்க தோஷம், வாய் சும்மா இருக்கவில்லை. "பாதி?" என்று கேட்டேன்.

"எம்மா!"

"சரி, மூணு கத்தரி?" முழு மொட்டை போட முடியாத பெண்கள் கொண்டையில் மூன்று கத்தரி முடி மட்டும் கொடுப்பார்கள்.

அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், தலையை ஆட்டினாள். முடியாது.

ரப்பர் பேண்டைக் கழற்றி, பின்னலைப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் விட்டாள். கடல்மேல் போனது போக, காற்று சுழன்று கொஞ்சம் திரும்பி வந்தது. என் ஸ்வெட்டரில், கழுத்தில், தோளில் கறுப்பு இழைகளாக ஒட்டிக்கொண்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. மூன்று கத்தரிக்குத் தாராளமாகப் போதும். கையை மூடினால் தீர்ந்தது வேலை.

ஒவ்வொன்றாகப் பிய்த்தேன். கம்பளியில் சிக்கியது சுலபத்தில் வராது. கடைசி இழை வரைக்கும் எடுத்து, கையை நீட்டி, விட்டேன்.

ஜூன் மாதப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றார்கள். அடுத்த வருஷம் மறுபடி பார்க்க வேண்டுமாம். புரட்டாசிக்கு மகள் ஊருக்கு வந்தாள். அவள் பேச்சு மாறவில்லை, நடந்தாள். அலிபிரியிலிருந்து அத்தனை படியும் என்னோடு ஏறினாள். நான் குனிந்து படிகளுக்குக் குங்குமம் வைத்தேன், எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோதெல்லாம் படிக்கு மஞ்சளை அவள் பூசினாள்.

மேலே முடி எடுக்கும் கூடத்தில் சவரம் செய்கிற அம்மாள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "எவரிக்கு? குண்டா, மூடு கத்தெரலா?" என்று தெலுங்கில் கேட்டாள். யாருக்கு, மொட்டையா மூன்று கத்தரியா என்று.

"நாக்கே. குண்டு", எனக்குத்தான், மொட்டை என்று சொல்லி உட்கார்ந்தேன்.

மகள் பதறிப்போனாள். "எம்மா, உன்ன யாரு கேட்டாங்க?"

"யாரும் கேக்கல. என் தல, நான் குடுக்கறேன். நீ பைய புடி."

தலையில் தண்ணீர் ஊற்றியதும் சில்லென்றது. அடுத்தவள் தலையைக் கேட்காமல் எழுதிக் கொடுத்தது என் தப்பு, அதற்கு என் நரைதான் இருக்கிறது, கறுப்பு கேட்காதே என்று பெருமாளிடம் நேராகச் சொன்னேன். முன்னால் விழுந்த முடியைப் பார்த்தேன். வெள்ளையும் மஞ்சளுமாக, அவளுடையதோடு சேர்த்து வைத்துப் பார்க்கவே முடியாது.

வெளியே வந்தபோது மழைத் தூறலும் காற்றும். மகள் தன் பைக்குள் கையை விட்டு, அந்த நீலக் கம்பளிக் குல்லாவை எடுத்தாள். என் தலையில் காது வரைக்கும் இழுத்துவிட்டாள்.

"இன்னாடி இது?"

"குளிரும்மா" என்றாள்.