வரவு எண் ஒன்று

தோர்த்-தெரெக்கில் பிறந்த யாருக்கும் சினார் எஜேயை, அதாவது சினார் அக்காவை, தெரியாமல் இருக்க முடியாது. பிறந்ததைப் பதிவேட்டில் எழுதுவதே அவர்தான். நாட்டுக்குக் கீழே ஏழு மாகாணம், மாகாணத்துக்குக் கீழே மாவட்டங்கள், மாவட்டத்துக்குக் கீழே ஊராட்சிகள். அதற்கும் கீழே ஒன்றுமில்லை. ஆகவே மேலேயிருந்து யார் எந்தக் கல்லை உருட்டிவிட்டாலும் அது எங்கள் ஊராட்சிச் செயலரான சினார் எஜேயின் மேசையில்தான் வந்து விழும். இருபத்திரண்டு வருடமாக விழுந்துகொண்டிருந்தது. அவரும் ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் எண் போட்டு, முத்திரை குத்தி, கட்டி வைத்துவிடுவார்.

வயது நாற்பத்தாறு. புருஷன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். விவாகரத்துக் காகிதத்தையும் எஜே தானே தட்டச்சு செய்து, எழுத்துப்பிழை பார்த்துத்தான் அனுப்பினார். மகள் தலைநகரத்தில் தாதியாக இருந்தாள். எஜே தன் அண்ணன் மனைவி உம்சுனாய் ஜெங்கேயோடு ஒரே முற்றத்தில் குடியிருந்தார்.

நான் ஊராட்சி ஜீப்பின் ஓட்டுநர். இந்தக் கதையில் பாதிக் கடிதங்களைச் சுமந்தவன் நான்தான்.

ஆற்றுக்கு அந்தக் கரையில் காஷ்கா-புலாக், வேறு ஊராட்சி. எல்லைக்கோடு நடு ஆற்றில் ஓடியது. ஆற்றின் மேல் ஒரு மரப்பாலம். அதன் நடுவில் நாலு பலகை உடைந்து கிடந்தது. அந்த நாலு பலகை எந்த ஊராட்சியில் இருக்கிறது என்று பதினொரு வருடம் கடிதப் போர் நடந்தது. அந்தக் கரையிலிருந்து எழுதியவர் அங்குள்ள செயலர் அசன்குல். மனைவியை இழந்து வெகுகாலம் ஆனவர், நெட்டையான மனிதர், தொப்பியைக் கழற்றினால் தலை முட்டை மாதிரி மின்னும்.

"மதிப்பிற்குரிய சினார் சாதிபால்தியெவ்னா அவர்களுக்கு. எங்கள் அளவீட்டின்படி உடைந்த பலகைகள் தங்கள் எல்லைக்குள் ஒரு முழம் உள்ளன" என்று, அப்பா பெயரையும் சேர்த்து மரியாதையாக வரும். எஜே படித்துவிட்டு மூக்கு விடைக்க என்னிடம், "பார்றா தாலாய், முழத்துல அளக்கிறாராம்! எந்த அரசாங்கம் முழத்துல அளக்குது?" என்பார். உடனே பதில் போகும்.

ஆறாவது வருடத்திலிருந்து கடிதத்தின் அடியில் ஒரு வரி கூடுதலாக வர ஆரம்பித்தது. "தங்கள் கரையில் வாதுமை பூத்திருப்பது இங்கிருந்து தெரிகிறது." எஜே பதில் போட்டார்: "வாதுமை மரம் தனியார் சொத்து. அது இந்தக் கோப்பில் சேராது." ஆனால் அந்தக் கடிதத்தை மட்டும் கோப்பில் போடாமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டதை என் கண் பார்த்தது.

அப்புறம்தான் தலைநகரத்திலிருந்து அந்தக் கல் உருண்டு வந்தது. இரண்டு ஊராட்சிகளும் ஒன்றாகின்றன. ஒரே தலைவர், ஒரே அலுவலகம், ஒரே செயலர்.

பள்ளிக்கூட மண்டபத்தில் இரண்டு ஊரும் கூடியது. புது ஊராட்சிக்கு என்ன பெயர் என்பதிலேயே மதியம் வரை தொண்டை கிழிந்தது. தோர்த்-தெரெக் என்றால் நாலு மரம், காஷ்கா-புலாக் என்றால் ஊற்று. எங்கள் ஊர்ப் பெயர்தான் வேண்டும் என்று உம்சுனாய் ஜெங்கே பெஞ்சு மேலேயே ஏறிவிட்டார். "உங்க ஊர்ல இருக்கிறது நாலு மரம்! அதுலயும் ரெண்டு பட்டுப்போச்சு!" என்று அக்கரைக்காரன் ஒருவன் கத்தினான். "உங்க ஊர் ஊற்றுல தவளைக்கே தண்ணி பத்தல! அதுக்கு ஒரு பெயர் வேற கேடா?" என்றார் ஜெங்கே.

பெயர் முடிவாகாமலே அடுத்ததுக்குப் போனார்கள்: செயலர் பதவி. மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி இருவரையும் தங்கள் தகுதியைச் சொல்லச் சொன்னார். எஜே மூன்று பக்கம் எழுதி வந்திருந்தார். அசன்குல் வெறுங்கையோடு எழுந்து, தொப்பியைக் கழற்றினார்.

"நான் விலகிக்கிறேன். சினார் சாதிபால்தியெவ்னாவே இருக்கட்டும்."

காஷ்கா-புலாக் கொதித்தது. "பைகே! அண்ணே! ஊரையே வித்துட்டீங்களே!"

எஜேக்குக் கோபம் முகத்தில் ஏறியது. "உங்க கிட்ட யார் பிச்சை கேட்டா? போட்டி போட்டு ஜெயிக்கத் தெரியாதா எனக்கு?"

"பிச்சை இல்லைங்க," என்றார் அசன்குல். காதுமடல் சிவந்திருந்தது. "இனிமே எல்லையே கிடையாது. எந்தச் சாக்கு வச்சு உங்களுக்குக் கடிதம் எழுதுறதுன்னு ஒரு வாரமா யோசிச்சேன், ஒண்ணும் தோணல. அதான்... நேர்லயே கேட்டுடலாம்னு. என்னைக் கட்டிக்கிறீங்களா?"

எஜே மேசையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர்க் குவளையை எடுத்து, குடிக்காமலே கீழே வைத்தார். பிறகு இருபத்திரண்டு வருடப் பழக்கம் வாயில் வந்தது.

"எழுத்து மூலமாக் குடுங்க."

கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஒரு சிரிப்பு. அசன்குல் சிரிக்கவில்லை. மாவட்ட அதிகாரியிடமே ஒரு தாள் வாங்கி, நின்றபடியே எழுதி நீட்டினார். எஜே புத்தம்புதுப் பதிவேட்டைத் திறந்தார். முதல் பக்கம், முதல் வரி. வரவு எண் ஒன்று. பொருள்: தனிப்பட்ட மனு. "பதினாலு நாளுக்குள்ள பதில் வரும். அடுத்த பொருளுக்குப் போகலாம்," என்றார். அடுத்த பொருள் என்னவென்று அன்றைக்கு ஒருவருக்கும் நினைவில்லை.

பதில் வரும் வரை இரண்டு ஊரும் வேலை வெட்டி பார்க்கவில்லை. புல் அறுக்கப் போனவன் அரிவாளோடு அலுவலக ஜன்னலில் எட்டிப் பார்த்தான். "எஜே, பதில் தயாராச்சா?" "உன் ஆட்டுக் கணக்கைக் கொண்டா, அதுக்குப் பதில் சொல்றேன்," என்று விரட்டுவார். ஆனால் பிறப்புச் சான்றிதழ் கேட்டவனுக்கு இறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அவன் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போய், மறுநாள்தான் திரும்பி வந்தான். நடுவில் ஒரு நாள் தச்சரைக் கூப்பிட்டு அந்த நாலு பலகையையும் மாற்ற உத்தரவு போட்டார். இப்போது பாலம் முழுக்க அவருடையது, யாரைக் கேட்க வேண்டும்?

ஒன்பதாம் நாள் என்னை அழைத்தார். "தாலாய், வண்டிய எடு. இதை நானே குடுக்கணும்."

அசன்குல் தன் தோட்டத்தில் உருளைக்கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டுப் படித்தார். நான் வேலிக்கு வெளியே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. ஏற்கப்படுகிறது. நிபந்தனை: வசிப்பிடம் தோர்த்-தெரெக்.'" தலைநிமிர்ந்தார். "அப்போ நான் வீட்டோட மாப்பிள்ளையா? ஊர் சிரிக்குமே."

"அதான் இப்பவே சிரிக்குதே. புதுசா என்ன போகுது?"

அவர் மண்வெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஐம்பது வயது மனிதர், பாத்தியைத் தாண்டிக் குதித்தார். ஒரு செடி நசுங்கியது. எஜே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரித்தார், கண்ணில் நீர் வழிகிற வரைக்கும். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

மறுவாரம் அசன்குலின் அக்கா வந்து, நிச்சயத்துக்கு அடையாளமாக, முறைப்படி எஜேயின் காதில் வெள்ளித் தோடு போட்டார். உம்சுனாய் ஜெங்கே மாப்பிள்ளையை வாசலில் மறித்து, "காலணிய இங்கயே விடணும், குரலையும் இங்கயே விடணும். சம்மதமா?" என்றார். "காலணிய விட்டுடறேன் ஜெங்கே. குரல் எனக்கு எப்பவும் கடிதத்துலதான்," என்றார் அவர்.

கல்யாணத்தைப் பதிவு செய்யும்போதுதான் சிக்கல். எங்கள் ஊராட்சியில் கல்யாணம் பதிகிறவர் எஜேதான். தன் கல்யாணத்துக்குத் தானே கையெழுத்துப் போட முடியுமா? பழைய முத்திரைகள் இரண்டும் செல்லாது, புது முத்திரை இன்னும் வரவில்லை. அந்த வாரம் சட்டப்படி நாங்கள் யாருமே எங்கேயும் குடியிருக்கவில்லை. ஆகவே கல்யாணத்துக்குப் பொரித்த மாவுத் துண்டுகள், போர்சோக், ஒரு மூட்டையோடு பதினோரு பேரை ஜீப்பில் அடைத்து மாவட்டத் தலைநகருக்கு ஓட்டினேன். ஜெங்கே என் கியர் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

பதிவாளர் சின்னப்பெண். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "எந்த ஊராட்சி?" என்றாள்.

எஜே வாயைத் திறந்தார். பெயர் இன்னும் முடிவாகவில்லையே! அசன்குலைப் பார்த்தார். அவர் எஜேயைப் பார்த்தார். பின்னால் நாங்கள் ஆளுக்கொரு பெயரைச் சொன்னோம்.

"ஒரே ஊராட்சிதாம்மா," என்றார் சினார் எஜே, "அது மட்டும் நிச்சயம். நீ எழுது."