மிச்சப் பெயிண்ட்

கடைசி எல்லைக் கம்பத்துக்கும் அடித்து முடித்ததும் செம்மோ பெயிண்ட் டப்பாவைக் காதருகே தூக்கி ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார். அடியில் கொஞ்சம் தளும்பினால் முகம் தெளியும். மிச்சத்தைக் கிடங்கில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அவர் கொடுப்பதில்லை. பிரஷைச் செய்தித்தாளில் சுருட்டிக்கொண்டு மேட்டில் ஏறுவார். அங்கே ஆளில்லாத ஒரு சின்ன வீடு இருக்கிறது. அதன் ஜன்னல் சட்டங்களுக்கு அந்த மிச்சத்தை அடிப்பார். கம்பத்தின் மூன்று நிறத்தில் எது மிஞ்சுகிறதோ அது: ஒரு வருடம் நீலம், ஒரு வருடம் வெள்ளை. கறுப்பு மிஞ்சிய வருடம் வெகுநேரம் யோசித்துவிட்டுக் கொட்டகைக் கதவுக்கு அடித்தார். இருபது வருடமாக ஒவ்வொரு மே மாதமும் இப்படித்தான்.

எல்லைக் காவலில் கம்பம் நட வந்தவர். இப்போது வயது அறுபத்தேழு. எஸ்தோனியாவின் இந்தத் தென்கிழக்கு ஓரத்தில் ரஷ்யாவைப் பார்த்து நிற்கும் நாற்பத்தொரு கம்பங்களும் அவர் கையால் நின்றவை. நடந்து போகும்போது கன்றுக்குட்டியைத் தட்டுவதுபோல ஒவ்வொன்றின் தலையிலும் தட்டிவிட்டுப் போவார். ரோந்துக்கு வரும் வெல்லோ அவரைச் சீண்டாமல் போவதில்லை.

“சர்க்கார் பெயிண்ட்டுல சொந்த வீட்டுக்குச் சிங்காரமா, அண்ணே?”

“சொந்த வீடுன்னா சும்மா விட்டிருப்பேன்டா. நான் குடியிருக்கிற வீட்டப் போய்ப் பாரு, தகரம் துருப்பிடிச்சுக் கெடக்கு.”

அது அவருடைய அக்கா லெய்டாவுக்காக வாங்கிய வீடு. லெய்டா அதில் ஒருநாள்கூடக் கால் வைத்ததில்லை. அவள் இருப்பது கம்பத்துக்கு அந்தப் பக்கம், நானூறு தப்படி தூரத்தில், அப்பா வைத்த ஆப்பிள் மரங்களுக்கு நடுவே. சோவியத் காலத்தில் அவர்களுடைய பசு இங்கே மேய்ந்துவிட்டு அங்கே போய்ப் பால் கொடுத்தது. நாடு விடுதலையானதும் நடுவில் கோடு வந்தது. ஆனால் அது நிற்காது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பழைய உடன்படிக்கைப்படி எல்லை இப்போது ரஷ்யப் பக்கம் இருக்கும் பெட்செரி ஊரையும் தாண்டி இருக்கிறது, அந்த மண் நம்முடையது என்று நம் அரசாங்கமே சொல்லிக்கொண்டிருந்தது. அதனால் முதலில் நட்டதெல்லாம் மரக் கம்பம். செம்மோவும் அக்காவிடம் அதையே சொன்னார். அவசரப்படாதே, நிலம் தானாக இந்தப் பக்கம் வரும் என்றார்.

பிறகு நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேரும் பேச்சு வந்தது. வரப்புத் தகராறு உள்ள வீட்டை அவர்கள் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். பழைய கோட்டைக் கேட்பது தலைநகரில் மெல்ல நின்றுபோனது. ஒரு ஜூலை காலையில் மேலதிகாரி வந்து, மரக் கம்பத்தைப் பிடுங்கிவிட்டுக் குழி தோண்டி சிமெண்டு போடச் சொன்னார். நாலுநாள் நிற்கப்போகிற கம்பத்துக்கு யாரும் சிமெண்டு போடுவதில்லை. கோடு இனி நகராது என்று செம்மோவுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அடுத்த மாதம் மாதா திருநாள். அன்று செம்மோவைப் போல இந்த எல்லையோரத்தில் வாழும் செட்டோ ஜனங்கள் குடும்பத்தோடு கல்லறைக்குப் போய், புதைத்த இடத்தின்மேலேயே துணி விரித்துச் சாப்பிடுவார்கள். இவர்களுடைய அம்மா பெட்செரியில் கிடக்கிறாள். திருநாளுக்கு மட்டும் பெயர்ப் பட்டியல் வைத்து எல்லையைத் திறந்துவிட்ட காலம் அது. அம்மாவின்மேல் விரித்த துணியில் மீன் ரொட்டியும் அவித்த முட்டையும் பாலாடைக் கட்டியும் இருந்தன. லெய்டா முட்டையை உரித்துக்கொண்டே கேட்டாள்.

“தம்பி, மேட்டு மேல வாத்தியார் வீடு காலியா இருக்காமே. மாட்ட வித்துட்டு வந்துரட்டுமா?”

செம்மோ மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார்.

“இரு அக்கா, பாத்துக்கலாம். நீ வந்துட்டா அப்பா தோட்டம் எவன் கைக்காவது போயிரும்.”

அவள் இருந்துவிட்டாள்.

நாலு வருடத்தில் பட்டியல் நின்றது, விசா வந்தது. இன்னொரு நாலு வருடத்தில் நேட்டோவில் சேர்ந்தாயிற்று. ஊர் மன்றத்தின் முன்னால் கொடி ஏற்றி, ராணுவ அண்டாவிலிருந்து எல்லாருக்கும் பட்டாணி சூப் ஊற்றினார்கள். செம்மோ இரண்டு கிண்ணம் குடித்தார். நடிப்பில்லை, நிஜமான சந்தோஷம். சோவியத் காலத்தில் பெரியப்பாவை லாரியில் அள்ளிப்போட்டு நாடுகடத்தியதைப் பார்த்த குடும்பம் அவருடையது. இனி அப்படி ஒரு லாரி வராது என்று அன்று நம்பினார். அந்தக் கோடையில்தான் வாத்தியார் வீட்டை வாங்கிப் போட்டார். அப்போதும் வரச்சொல்லிக் கேட்டார். அதற்குள் அக்காவுக்கு முழங்கால் போயிருந்தது, மாடு மூன்றாகியிருந்தது.

யாராவது கிளறினால் ஒரே பதில்தான். “நேட்டோ வேண்டாம்னு நான் என்னிக்கும் சொல்லமாட்டேன். எங்கக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான்.”

எல்லைக் காவலில் சம்பளம் வாங்குகிறவர் அந்தப் பக்கம் போவது மேலிடத்துக்குப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொள்வார்கள். உருளைக்கிழங்கு, முழங்கால், மழை. இந்த மே மாதம் அவர் ஜன்னலுக்கு அடித்துக்கொண்டிருந்தபோது அவளே கூப்பிட்டாள். பிரஷ் கையிலிருக்க, அந்த வார்த்தை இருபத்தெட்டு வருடம் கழித்து வாயில் வந்தது.

“அக்கா, அன்னிக்கு அம்மா கல்லறையில வெச்சு நீ கேட்டப்ப எனக்குத் தெரியும். சிமெண்டு போட்டப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“எனக்கும் தெரியும்டா. நீ குழியில சிமெண்டு ஊத்தினதப் பால் கறந்துக்கிட்டே பாத்தேன். உன் வாயால சொல்றியான்னுதான் கேட்டேன்.”

செம்மோ பிரஷை டப்பாவின்மேல் வைத்தார். அந்த முனையில் மாடு ஒன்று கத்தியது. அவள்தான் மறுபடி பேசினாள்.

“வருசா வருசம் நீ பெயிண்ட் அடிக்கிறதயும் பாக்கறேன். அந்த ஜன்னல ஒருநாளாவது தொறந்தியா? தொறந்திருந்தா ஆள் இருக்கிற மாதிரியாவது தெரியும்.”

அவர் ஜன்னல் கதவைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. இத்தனை வருடப் பூச்சு கதவையும் சட்டத்தையும் ஒட்டிவிட்டிருந்தது. பேனாக்கத்தியை எடுத்து விளிம்போடு கீறினார். நீலம், வெள்ளை, நீலம் என்று ஏடேடாய் உதிர்ந்தது. ஒரு பக்கம் விடுவிக்கவே மதியமாகிவிட்டது.

இந்த வருட மிச்சப் பெயிண்ட் கிடங்குக்குத் திரும்பிவிட்டது. மேட்டு வீட்டின் நாலு ஜன்னல்களில், அந்தப் பக்கத்தைப் பார்த்த ஒன்று மட்டும் திறக்கிறது. காலையில் செம்மோ ஏறிப்போய் அதைத் திறந்துவைக்கிறார், சாயங்காலம் போய் மூடுகிறார். வீட்டில் ஆளில்லை.